சாட்சியும் சான்றும்

1

ஒருவர் நம்பத்தக்கவரா என்பது ஒரு வினா. அவர் கூறும் பொருள் உண்மையா என்பது மற்றொரு வினா. அன்றாட வாழ்வில் இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே கொண்டு ஒழுகுகின்றோம். பாசையூரில் இன்று மீன் மலிவு என்று அயலவர் சொன்னால் நம்பிப் புறப்படுகின்றோம். அவர் சொன்னது பிழைத்தாலும் இழப்புப் பெரிதன்று. ஆனால், இயற்கை பற்றி மனிதகுலம் பல நூற்றாண்டுகளாக முயன்று தேடிய அறிவைத் திருத்தி எழுதுமாறு கோரும் ஒரு கூற்றினை, அதனைக் கூறுபவரின் முகத்தைப் பார்த்து ஏற்பதும் முகத்தைப் பார்த்து மறுப்பதும் ஒருசேரப் பிழையாகும். இப்பிழை கல்லாதாரிடம் மட்டும் காணப்படுமாயின் இக்கட்டுரைக்குத் தேவை இராது. கற்றோரிடமும், சிறப்பாக விஞ்ஞானம் பயின்றோரிடமும் அது வேரோடி நிற்கின்றமையே இதனை எழுதத் தூண்டியது.

அமெரிக்க அரசு வேற்றுலக ஊர்திகளைக் கைப்பற்றி மறைத்து வைத்திருக்கின்றது என்றும், அதனை உள்ளிருந்து கண்டவர்கள் துணிந்து அம்பலப்படுத்தியுள்ளனர் என்றும் நம்மிடையே பேசப்படுகின்றது. பேசுவோரில் பௌதிகவியற் பட்டதாரிகளும் உளர். "அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?", "முப்பது ஆண்டுகளாகச் சொன்னதையே சொல்கின்றாரே!", "அரசுகள் எதைத்தான் மறைக்கவில்லை?" என்பன அவர்தம் வாதங்கள். இவற்றுள் எதுவும் கூறப்பட்ட பொருளைத் தொடவில்லை. அன்றியும், இவ்வாறு சிந்திக்கும் பழக்கம் வேறெந்தச் சமூகத்தையும் விட நமது சமூகத்துக்கே மிகுந்த கேட்டினைத் தரும். இவ்விரண்டையும் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இவ்வகைக் கதைகளுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்தவர் பொப் லாசர் என்னும் அமெரிக்கர். 1989ஆம் ஆண்டு மே மாதம், லாஸ் வேகாஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் முகத்தை மறைத்து, டெனிஸ் என்ற புனைபெயருடன் தோன்றினார். அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில் தம் சொந்தப் பெயருடனும் முகத்துடனும் வெளிப்பட்டார். நெவாடா மாநிலப் பாலைநிலத்தில் 'பகுதி 51' என அழைக்கப்படும் இராணுவத் தளத்துக்கு அண்மையில், 'எஸ்-4' என்னும் இரகசிய நிலையத்தில் தாம் பணிபுரிந்ததாகக் கூறினார். ஒன்பது வேற்றுலக ஊர்திகள் அங்கு இருந்தனவாம். அவற்றுள் ஒன்று இயங்கும் முறையைக் கண்டறிவதே தமது பணியாம்.

அவ்வூர்தியின் எரிபொருள் 115ஆம் மூலகம் என்றார். அம்மூலகத்தின்மீது புரோத்தன்களை மோதச் செய்தால் அது 116ஆம் மூலகமாகி, உடனே சிதைந்து எதிர்ச்சடப்பொருளை வெளிவிடும். அதனால் எழும் வெப்பம் ஒரு சிறிதும் வீணாகாமல் மின்னாக மாற்றப்படும். அம்மூலகத்தின் கருவிலிருந்து வெளியே பரவும் ஒருவகை ஈர்ப்பலையைப் பெருக்கி ஊர்தி செலுத்தப்படும் என்பது அவர் விளக்கம். அம்மூலகம் நிலையானது என்றும், அமெரிக்க அரசிடம் நூற்றுக்கணக்கான இறாத்தல் அளவில் அது உள்ளது என்றும் அவர் சொன்னார்.

லாசரை மறுப்போர் பெரும்பாலும் அவரது கல்வித் தகைமையைப் பற்றிக்கொள்கின்றனர். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலும் கலிபோர்னியா தொழினுட்ப நிறுவனத்திலும் தாம் பட்டம் பெற்றதாக அவர் கூறினார். இரு நிறுவனங்களிலும் அதற்கான பதிவு இல்லை. உடன் பயின்றவர் எவரும் முன்வரவில்லை. இதனைத் தேடிச் சரிபார்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்டன் பிரீட்மன். அவர் கருப் பௌதிகவியலாளர். வேற்றுலக ஊர்திகள் பூமிக்கு வருகின்றன என்பதில் ஐயமற்ற நம்பிக்கை கொண்டவருங்கூட. அவரே லாசரின் கதையை நிராகரித்தார். லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தின் தொலைபேசிப் பதிவேட்டில் லாசரின் பெயர் இருந்தது உண்மை. ஆயின் அது ஒப்பந்த நிறுவனமொன்றின் ஊழியர் என்ற வகையிலேயே இடம்பெற்றிருந்தது.

இவை யாவும் அறியத்தக்கனவே. எனினும் எமது வாதத்தை இவற்றின்மீது கட்டுவது முறையாகாது. பட்டம் பெறாதவர் உண்மை கூறலாம். பட்டம் பெற்றவர் பிழை கூறலாம். இராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியபோது அவரிடம் பட்டம் இருக்கவில்லை. அவர் அனுப்பிய சூத்திரங்கள் இருந்தன. ஹார்டி சரிபார்க்க முற்பட்டது அச்சூத்திரங்களையே. ஆகவே லாசரையும் அவ்வாறே நடத்துவோம். அவருடைய பட்டங்களை ஒதுக்கி வைத்து, அவருடைய 115ஐ நோக்குவோம்.

3

லாசரின் ஆதரவாளர்கள் பெரிதும் பாராட்டும் வாதம் இதுவாகும்: 1989இல் எவரும் அறியாத 115ஆம் மூலகத்தை அவர் கூறினார், 2003இல் விஞ்ஞானிகள் அதனைக் கண்டுபிடித்தனர், ஆகவே அவர் கூறியது மெய்ப்பிக்கப்பட்டது.

மூலகங்களின் வரிசை எண் என்பது கருவிலுள்ள புரோத்தன்களின் தொகை என்பதை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். 1982ஆம் ஆண்டளவில் 109ஆம் மூலகம் வரை ஆக்கப்பட்டுவிட்டது. 109இன் பின் 110 வரும், ஒருநாள் 115உம் வரும் என்று சொல்ல உள்ளிரகசியம் எதுவும் வேண்டியதில்லை. 114ஐ அண்டிய மூலகங்கள் சற்று நீண்ட ஆயுளுடன் இருக்கக்கூடும் என்ற கருத்து 1960களிலேயே கருப் பௌதிகவியலாளரால் முன்வைக்கப்பட்டு, 'நிலைபேற்றுத் தீவு' என்ற பெயரில் வழங்கி வந்தது. லாசர் தொலைக்காட்சியில் தோன்றிய அதே 1989 மே மாதத்துச் சயன்ரிபிக் அமெரிக்கன் இதழிலேயே மிகைபாரமான மூலகங்களை ஆக்குதல் பற்றிய கட்டுரையொன்று வெளிவந்திருந்தது.

ஒரு மூலகத்தின் எண்ணைச் சொல்வது முன்னறிதலாகாது. அதன் பண்பைச் சொல்வதே முன்னறிதல். லாசர் பண்பையும் சொன்னார். அங்கேதான் அவர் சோதனைக்கு உட்படுகின்றார். 2003ஆம் ஆண்டு உருசியாவின் டுப்னா நகரில், உருசிய விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் இணைந்து, அமெரிசியம் இலக்கின்மீது கல்சியம் அயன்களை மோதச் செய்து 115ஆம் மூலகத்தின் சில அணுக்களை மட்டும் பெற்றனர். 2015 டிசம்பரில் அது அங்கீகரிக்கப்பட்டு, 2016இல் மொஸ்கோவியம் எனப் பெயரிடப்பட்டது. அறியப்பட்ட சமதானிகளுள் மிக நீண்ட ஆயுளுடையதன் அரைவாழ்வுக் காலமே ஒரு செக்கனுக்குக் குறைவு. அவ்வாறு சிதையும் பொருளை இறாத்தற் கணக்கில் சேமித்து வைப்பது எவ்வாறு? 116ஆம் மூலகமும் ஆக்கப்பட்டுள்ளது; அது அல்பாத் துணிக்கையை வெளிவிட்டுச் சிதைகின்றதேயன்றி எதிர்ச்சடப்பொருளை உமிழவில்லை. வெப்பத்தை எள்ளளவும் இழப்பின்றி மின்னாக மாற்றுவதை வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதி இடங்கொடுப்பதில்லை. கருவினுட் புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் பிணைக்கும் வன்விசை கருவின் எல்லையைத் தாண்டி எட்டாதது. அதனையே ஈர்ப்பின் ஒரு வகையெனக் கூறி, அணுவுக்கு வெளியே கொண்டுவந்து பெருக்கலாம் என்றால், அதற்கு ஒரு சமன்பாடேனும் தரவேண்டும். இத்தனை ஆண்டுகளில் அத்தகைய சமன்பாடு எதுவும் வெளிவரவில்லை.

"இன்னும் அதிக நியூத்திரன்களைக் கொண்ட வேறொரு சமதானி நிலையாக இருக்கலாமே" என்பர். இருக்கலாம் என்பது ஆராய்ச்சிக்கு ஒரு தொடக்கம், அதுவே முடிவன்று. அத்தகைய சமதானிகளின் ஆயுள் கூடக்கூடும் என்று கோட்பாட்டாளர் கணிப்பது உண்மை. ஆயின் அக்கணிப்பு லாசரிடமிருந்து வந்ததன்று. அவர் சொன்ன எதிர்ச்சடப்பொருளுக்கும் ஈர்ப்பலைக்கும் அது எவ்வகையிலும் துணைசெய்வதன்று. ஆகவே 2003ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு லாசரை மெய்ப்பித்தது என்பது தலைகீழான வாதம். அவர் கூற்றில் சோதிக்கக்கூடியதாயிருந்த பகுதி சோதிக்கப்பட்டது. சோதனையில் அது தேறவில்லை.

4

இந்நிலையில் வாதம் வேறு தளத்துக்கு நகர்த்தப்படுகின்றது. பதிவுகள் இல்லையென்றால், அரசு அவற்றை அழித்துவிட்டது. மாதிரி இல்லையென்றால், அரசு அதனைக் கைப்பற்றிவிட்டது. விஞ்ஞானிகள் மறுத்தால், அவர்கள் விலைபோனவர்கள். சான்று இன்மையே சான்றாகக் கொள்ளப்படும் வாதமுறை இது. எந்த அவதானிப்பு கிடைத்தால் தம் கொள்கையைக் கைவிடுவர் என்று இவர்களைக் கேட்டால் விடை வாராது. எதனாலும் பொய்ப்பிக்கப்பட இயலாத கூற்று, எதனாலும் மெய்ப்பிக்கப்படவும் இயலாது.

அரசுகள் மறைப்பது உண்மையே. பகுதி 51 என்ற தளம் இருப்பதை அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தின் ஆவணங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2013ஆம் ஆண்டிலேதான். ஆனால் அவ்வாவணங்கள் கூறியது யாது? 1955 முதல் அங்கு யூ-2 உளவு விமானங்கள் சோதிக்கப்பட்டன என்பதும், பயணிகள் விமானங்களை விட மிக உயரத்தில் அவை பறந்தமையால் பறக்கும் தட்டுகளைக் கண்டதாகப் பலர் முறையிட்டனர் என்பதுமேயாம். இரகசியம் ஒன்று இருந்தது என்பதிலிருந்து, நாம் விரும்பிய இரகசியமே இருந்தது என்ற முடிவுக்குத் தாவுதல் தருக்கமாகாது. பூட்டிய பெட்டியினுள் ஏதோ உண்டு என்பதனால் அதனுள் இருப்பது பொன்னே என்றாகிவிடுமா?

2023ஆம் ஆண்டு யூலை 26இல் டேவிட் குரூஷ் என்பவர் அமெரிக்கக் காங்கிரஸின் உபகுழுவொன்றின் முன் சத்தியஞ்செய்து சாட்சியமளித்தார். லாசரைப் போலன்றி இவர் தகைமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. விமானப்படையின் புலனாய்வு அதிகாரியாகப் பணியாற்றியவர். விபத்துக்குள்ளான வேற்றுலக ஊர்திகள் மீட்கப்பட்டுள்ளன என்றார். ஆயின் தாம் அவற்றை நேரிற் கண்டதில்லை என்றும், நாற்பதுக்கு மேற்பட்டோரிடம் கேட்டறிந்ததாகவும் அவரே கூறினார். அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியான நாசா நிறுவனத்தின் சுயாதீனக் குழு அறிக்கை, இக்காட்சிகள் வேற்றுலகத்திலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை எனவும், கிடைக்கும் தரவுகளின் தரம் போதாதெனவும் கூறியது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு அலுவலகமும் அவ்வாறே முடிவு செய்தது.

அரசு அலுவலகம் அரசை விசாரித்துக் கூறிய முடிவை ஏற்க முடியாதெனின், அந்த ஐயம் நியாயமானதே. அம்முடிவை ஒரு புறம் வைத்துவிடலாம். வைத்த பின்னும் குரூஷின் கூற்றுக்கு ஆதரவாக நம் கையில் எஞ்சுவது எது? கேட்டவர் சொல்லக் கேட்டவரின் சொல் ஒன்றே. சத்தியம் பொய்ச்சாட்சியைத் தண்டிக்க வழி செய்யும். சொல்லை உலோகத் துண்டாக மாற்றாது.

5

இது மேனாட்டு விஞ்ஞானம் நம்மீது சுமத்தும் கடுமை என எண்ணுவோர் தமிழ் மரபின் அளவையியலை நோக்குதல் நன்று. காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்துப் பேசும் மரபு சைவ சித்தாந்த சாத்திரங்களில் உண்டு. உரையளவைக்கு அங்கு உயர்ந்த இடம் தரப்பட்டது மெய்யே. ஆயினும் எவருரையும் அளவையாகிவிடாது. அதனை உரைப்பவன் ஆப்தனாதல் வேண்டும் என்ற வரையறை விதிக்கப்பட்டது. மணிமேகலையோ ஒரு படி மேலே செல்கின்றது. பல்வேறு சமயக் கணக்கரும் கொண்ட அளவைகளை நிரல்படக் கூறியபின், அறவண அடிகள் வாயிலாகப் பௌத்தர் கொள்வன காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே என நிறுவுகின்றது. ஏனைய அளவைகள் கருத்தளவையுள் அடங்கும் என்பது அவர் கொள்கை. மணிபல்லவம் நயினாதீவே என்று பெருமை கொள்ளும் நாம், அந்நூல் தரும் அளவை விளக்கத்தையும் சிறிது பெருமையுடன் கற்கலாம். எவர் வாய்க் கேட்பினும் பொருளின் மெய்ம்மையை ஆராய்தலே அறிவு என்பதைப் பள்ளிச் சிறுவரும் திருக்குறளிலிருந்து ஒப்புவிக்கின்றனர். ஒப்புவித்தலோடு அது நின்றுவிடுகின்றது.

"விஞ்ஞானிகள் முன்னரும் சாட்சிகளை எள்ளி நகையாடிப் பின்னர் தலைகுனிந்ததில்லையா?" என்பது எதிர்த்தரப்பினரின் மிக வலுவான வாதம். உண்டு. வானத்திலிருந்து கற்கள் விழுகின்றன என்று குடியானவர்கள் சொன்னதை ஐரோப்பிய அறிஞர் பலர் பதினெட்டாம் நூற்றாண்டில் மூடநம்பிக்கையெனத் தள்ளினர். 1794இல் கிளாட்னி என்னும் ஜெர்மானியர் அக்கற்கள் விண்ணிலிருந்து வருவனவே என வாதிட்டு நூலெழுதினார். அவரையும் பலர் நம்பவில்லை. 1803 ஏப்ரில் 26இல் பிரான்சின் லேகிள் என்னும் ஊரையண்டி ஏறத்தாழ 3,000 கற்கள் பொழிந்தன. அங்கு சென்று ஆராய்ந்த இளம் பௌதிகவியலாளர் பியோ, ஒருவரையொருவர் அறியாத பலரின் வாக்குமூலங்களை ஒப்பிட்டார். அக்கற்கள் அப்பகுதியின் பாறைகளை ஒவ்வாதவை எனக் காட்டினார். அவை நீள்வட்ட வடிவான நிலப்பரப்பில் சிதறிக் கிடந்ததை வரைபடமாக்கினார். விவாதம் ஓய்ந்தது.

குடியானவரின் சொல்லை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டது எதனால்? அவர்கள் நல்லவர்கள் என்பதனாலன்று. அவர்கள் சுட்டிய இடத்தில் கல் கிடந்தது. லேகிளின் கதை லாசருக்குத் துணை நிற்கும் கதையன்று. அவரிடம் இல்லாதது எதுவென்பதைக் காட்டும் கதை.

6

நமது நாட்டிலும் வானத்துக் கல்லொன்று விவாதத்தை எழுப்பியது. 2012 டிசம்பர் 29இல் பொலன்னறுவைப் பகுதியில் தீப்பந்தொன்று தோன்றியதாகக் கூறப்பட்டது. அதன்பின் அரலகன்வில என்னுமிடத்தை அண்டி எடுக்கப்பட்ட கற்கள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தினூடாகப் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டன. 2013 ஜனவரியில், இலங்கையிற் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவர்தம் குழுவினரும், அக்கற்களில் தயற்றங்களின் உயிர்ச்சுவடுகள் உள்ளன, ஆகவே வேற்றுலகில் உயிர் உண்டென்பது நிறுவப்பட்டது என்று அறிவித்தனர். விக்கிரமசிங்க சாதாரணர் அல்லர். பிரெட் ஹொயிலின் மாணவர். விண்மீன்களுக்கு இடைப்பட்ட தூசியில் காபன்சார் சேதனப் பொருட்கள் உண்டு என்ற அவரது முற்காலக் கருத்து பின்னர் வலுப்பெற்றது. இருந்தும் என்ன? அக்கற்களிற் கண்ட தயற்றங்கள் பூமியின் நன்னீர் நிலைகளில் வாழ்பவற்றை ஒத்திருந்தன. வயலும் வாய்க்காலும் நிறைந்த நிலத்தில், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எடுக்கப்பட்ட துளைமிக்க கல்லில் நன்னீர்த் தயற்றம் இருப்பது வியப்பன்று. அக்கல் விண்கல்லே என்பதைத் துறைசார்ந்தோர் பலர் ஏற்கவில்லை. முடிவு வெளியான சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிலும் அவரே இடம்பெற்றிருந்தார்.

"நம் நாட்டவர், உலகப் புகழ் பெற்றவர், வெள்ளையர் பொறாமையால் மறுக்கின்றனர்" என்று அப்போது பேசப்பட்டது. இப்பேச்சுக்கும் லாசரின் ஆதரவாளர் பேச்சுக்கும் வேறுபாடு என்ன? அங்கே, துன்புறுத்தப்பட்டவர் ஆகையால் உண்மை; இங்கே, புகழ்பெற்றவர் ஆகையால் உண்மை. இரண்டிலும் கல்லை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கின்றோம். 2001இல் கேரளத்தில் பெய்த செந்நிற மழையும் வேற்றுலக உயிரணுக்களால் ஆனது என்று கோட்டயத்துப் பௌதிகவியலாளர் இருவர் கூறினர். திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் அம்மழைநீரிலிருந்த துணிக்கைகளை வளர்ப்பூடகத்தில் இட்டு வளர்த்துப் பார்த்தனர். வளர்ந்தது அப்பகுதி மரங்களிற் காணப்படும் இலைக்கன்களோடு வாழும் ஓர் அல்கா. ஒரு குவளை நீரும் சில நாட்பொறுமையும் தீர்க்கக்கூடிய வழக்கினை எத்தனை பக்கங்கள் எழுதியும் தீர்த்திருக்க இயலாது.

தமிழ்ப் பற்றும் இவ்விடத்து நம்மைக் காப்பதில்லை. 1996இல் இராமர் பிள்ளை என்பவர் மூலிகையிலிருந்து பெற்றோல் எடுப்பதாகக் கூறியபோது, ஏழைத் தமிழனின் சாதனை எனப் பலர் கொண்டாடினர். ஐயுற்றோர் தமிழ்ப் பகைவராக்கப்பட்டனர். 2016இல் சென்னை நீதிமன்றம் மோசடிக் குற்றத்துக்காக அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒருகாலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகவிருந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமற்ற நிபந்தனைகளின் கீழ் அற்புத ஆற்றலை நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரை எவரும் அதனை வென்றிலர். அவ்வறைகூவலின் சிறப்பு தொகையில் இல்லை. 'நீ யார்?' என அது கேட்கவில்லை. 'எந்த நிபந்தனையின் கீழ்ச் செய்து காட்டுவாய்?' என்றே கேட்டது.

7

இவை யாவும் பொழுதுபோக்கான விவாதங்கள், பறக்கும் தட்டை ஒருவர் நம்பினால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை செம்மணியில் உண்டு.

1996 செப்டெம்பரில் செம்மணிச் சோதனைச் சாவடியில் பாடசாலை மாணவியொருவரும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998 யூலையில் மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவத்தினருள் ஒருவரான லான்ஸ் கோப்பிரல் சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 வரையான உடல்கள் செம்மணியிற் புதைக்கப்பட்டுள்ளன என்றும், அவ்விடங்களைத் தம்மாற் காட்ட முடியும் என்றும் நீதிமன்றத்தில் கூறினார். உள்ளிருந்து அம்பலப்படுத்துபவர் என்ற சொல்லுக்கு நம் மண்ணில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

அவர் எத்தகைய சாட்சி? கொடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், தம் உயிரைக் காக்க எதையும் சொல்லக்கூடியவர் என வாதிட இடமுள்ளவர். ஆளைப் பார்த்துக் கூற்றை எடைபோடும் முறை சரியெனின், அவர் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே தள்ளியிருக்க வேண்டும். அவ்வாறு தள்ளிவிடவே பலர் விரும்பினர். ஆனால் அவர் கூற்றில் இடம் இருந்தது. தோண்டிப் பார்க்கலாம் என்ற வழி இருந்தது. 1999இல் அவர் முன்னிலையில் தோண்டினர். 15 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவர் சொன்ன தொகை அன்று நிறுவப்படவில்லை. அவர் சொன்ன செய்தியை 'வதந்தி' என ஒதுக்கும் வழி மட்டும் அன்றோடு அடைபட்டது. 2025ஆம் ஆண்டு, அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது எலும்புகள் வெளிப்பட, நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றோடு சிறுவர் பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. அவை யாருடையவை, எக்காலத்தவை, 1998ஆம் ஆண்டுக் கூற்றோடு எவ்வாறு பொருந்துவன என்பவற்றைத் தடயவியலே தீர்க்க வேண்டும். நமது துயரம் தீர்க்கலாகாது. லாசருக்கு நாம் விதித்த நியதியை நமக்கும் விதித்துக்கொண்டாலன்றி அது நியதி எனப்படாது.

இவ்விடத்தில்தான் பறக்கும் தட்டுப் பேச்சின் கேடு தெளிவாகின்றது. 'அரசு மறைக்கின்றது, ஆகவே உண்மை' என்ற வாதத்தை நெவாடாப் பாலைவனத்துக்கு ஏற்றுக்கொள்பவன், அதே வாதத்தைச் செம்மணிக்கும் பயன்படுத்துவான். பயன்படுத்தும்போது இரண்டும் ஒரே தரத்தனவாகிவிடும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர், பெயர், திகதி, இடம், வாகனம், சாட்சி என ஒவ்வொன்றையும் எழுதி ஆணைக்குழுவுக்கு ஆணைக்குழு சுமந்து திரிந்தனர். அவர்தம் கோவைகளின் வலிமை அவற்றின் நுண்மையிலேயே உள்ளது. ஒவ்வொரு விவரமும் சரிபார்க்கப்படலாம் என்பதே அவற்றின் பலம். சரிபார்க்கத்தக்கதையும் சரிபார்க்க இயலாததையும் வேறுபடுத்தாத சமூகம், அக்கோவைகளை வதந்திகளின் குவியலில் தன் கையாலேயே எறிந்துவிடுகின்றது. 'தமிழர் எதையும் நம்புவர். ஆதலின் இதையும் நம்புகின்றனர்' என்று சொல்லக் காத்திருப்போருக்கு இதைவிட வசதியான உதவி வேறில்லை.

உண்மை மறைக்கப்படும் நாட்டில் வாழ்வோர்க்குச் சான்று பற்றிய கண்டிப்பு குறைந்திருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர். எமது கருத்து நேர்மாறானது. மறைப்போர் பலமுள்ளவராயின் வெளிப்படுத்துவோரின் சான்று இருமடங்கு உறுதியாயிருத்தல் வேண்டும்.

8

ஆகவே அம்பலப்படுத்துபவர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் எவர் வந்தாலும், அவரை வாழ்த்துமுன்பும் வையுமுன்பும் மூன்று வினாக்களைக் கேட்போம். நீர் சொல்வதைச் சோதிக்க எங்கே செல்ல வேண்டும்? அங்கே எதைக் கண்டால் உமது கூற்று உண்மை, எதைக் கண்டால் பொய்? உம்மையும் உமது நண்பர்களையும் சாராத ஒருவர் அச்சோதனையைச் செய்ய இயலுமா? லேகிளின் குடியானவரிடமும் செம்மணியின் குற்றவாளியிடமும் இவற்றுக்கு விடை இருந்தது. பேராசிரியர் விக்கிரமசிங்கவிடம் ஓரளவு இருந்தது. அதனாலேயே அவர் கூற்றை ஆராயவும் மறுக்கவும் முடிந்தது. லாசரிடம் ஓர் எண் மட்டுமே இருந்தது.

நமது பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் மெய்யியலும் சட்டமும் தனித்தனிக் கட்டடங்களிற் கற்பிக்கப்படுகின்றன. சான்றென்பது யாது என்ற வினா அந்நான்கினுக்கும் பொதுவானது. ஆயின் அதனை முழுமையாகக் கற்பிக்கும் பாடவேளை எந்தக் கட்டடத்திலும் இல்லை. விஞ்ஞான மாணவன் அரைவாழ்வுக் காலத்தைக் கணித்துத் தேறுகின்றான். அக்கணிப்பைக் கொண்டு தொலைக்காட்சியிற் கேட்ட கதையொன்றை எடைபோட அவனுக்குத் தோன்றுவதில்லை. தமிழ் மாணவன் அளவை பத்தையும் மனனஞ்செய்கின்றான். வீட்டுக்கு வந்ததும் உரையளவை ஒன்றோடு அமைதி கொள்கின்றான். இக்குறையைத் தீர்க்கும் பொறுப்பை விரிவுரையாளர்களும் தமிழ்ச் சங்கமும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை. நாளை நம் மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு எலும்பையும் பற்றி நீதிமன்றில் பேசப்போகின்றவர்கள் இம்மாணவர்களே. அவர்கள் பேசும்போது சொல்லை மட்டும் கொண்டு சென்றால் தோற்பர்.